யாரைப் பார்க்கணும், அம்மா?

ம்தன்ட்சானே
9 மார்ச் 1998

லுவுயோ,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லி நான் அழைத்ததில்லை. குலப்பெயரைச் சொல்லி ‘டோலோ’ என்று வாய் நிறையக் கூப்பிடுவதுதான் வழக்கம். இன்று வெறும் பெயரை எழுதுகிறேன். மற்றது எழுத வரவில்லை.

பத்திரமாக வந்து சேர்ந்தேனா என்று நீங்கள் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், வந்துவிட்டேன். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், “யாராச்சும் தவறிட்டாங்களா மகளே?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் சுரங்கத்துக்காரர் வந்தார், லாரிக்காரர் வந்தார், கேப் டவுனில் மீன் டப்பா அடைக்கிறவன்கூட வந்தான். செக்யூரிட்டிக்காரர் மட்டும் வரவில்லை. பணக்காரர்கள் கடற்கரைக்குப் போய்விடுகிற மாதம் என்பதால் உங்களுக்கு லீவு கிடையாதாம். சரி, ஒப்புக்கொண்டேன். ஜனவரியில் கடிதம் இல்லை. பிப்ரவரியிலும் இல்லை. தெருமுனை டெலிபோன் பெட்டியின் கம்பியை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். நான் எத்தனை நாள்தான் தபால்காரன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்? அதனால்தான் கிளம்பி வந்தேன்.

அலெக்சாண்ட்ராவில் உங்கள் அறைக்குப் போனேன். கூடத் தங்கியிருப்பவர் நீங்கள் வேலை பார்க்கும் தெருவைச் சொன்னார். அப்பப்பா, என்ன ஊர் அது! வழி நெடுகச் சுவர். சுவருக்கு மேல் கரண்டுக் கம்பி. ஒவ்வொரு கேட்டிலும் ஏதோ ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் பலகை. வழி கேட்க ஒரு மனித முகம் கிடையாது. நாய்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தேன்.

தெருவுக்குக் குறுக்கே தடுப்புக் கம்பம். பக்கத்தில் பச்சைத் தொப்பியோடு நீங்கள். தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். இடது காலில் சாய்ந்து நிற்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தானே. சிரித்துக்கொண்டே கிட்டே வந்தேன். அதற்குள் என் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

நீங்கள் என்னைப் பார்த்து, “யாரைப் பார்க்கணும், அம்மா?” என்று கேட்டீர்கள்.

நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். “என் புருஷனைத்தான்” என்றேன். “அப்படி யாரும் இங்க இல்லம்மா. வழியை விட்டு நில்லுங்க, கார் வருது” என்றீர்கள். குரலில் ஒரு நடுக்கம் இருக்கவேண்டாமா? இல்லை. கம்பத்தைத் தூக்கி அந்தக் காருக்கு ஒரு சல்யூட் வேறு.

உங்களுக்குக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். தெருமுனை திரும்பும்வரை பின்னாலிருந்து ஒரு குரல் வரும் என்று காத்திருந்தேன்.

உங்களிடம் நேரில், என் வாயால் சொல்லவேண்டிய ஒன்று இருந்தது. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். இனி அதைச் சொல்வதாக இல்லை. அங்கே வேறு பெண் இருந்தால் மூடி மறைக்க வேண்டாம். ஒரு வரி எழுதிப் போடுங்கள், போதும்.

தோபேக்கா

*

அலெக்சாண்ட்ரா, ஜோஹன்னஸ்பர்க்
17 மார்ச் 1998

மாகம்பு,

உன் குலப்பெயரைத்தான் முதலில் எழுதுகிறேன். அன்றைக்கு வாய்வரை வந்து நின்றுபோன பெயர்.

வேறு பெண் இல்லை. மீதியைப் படிக்காமல் நீ கிழித்தாலும் இந்த ஒன்றாவது கண்ணில் படட்டும் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உனக்கு வாய் இருக்கிறது, எனக்கு அது கிடையாது. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தத் தெருவில் எனக்கு முன்னால் சைமன் என்று ஒருவன் காவல் இருந்தான். ஜனவரியில் இங்கே ஒரு வீட்டில் ஆட்கள் புகுந்து நகை, டிவி எல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு முந்தின வாரம் சைமன் கம்பத்துக்குப் பக்கத்தில் பையோடு வந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். அவள் அவனுடைய தங்கை. யார் கேட்டார்கள்? மறுநாளே வேலை போயிற்று. அவன் ஜாக்கெட்டைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். நெஞ்சில் ‘சைமன்’ என்று பெயர் தைத்திருக்கிறது. இந்தத் தெருவுக்கு நான்தான் சைமன். மாற்றிச் சொல்ல நான் போகவில்லை. உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாலும், இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று மூடிவைத்துவிடுவேன்.

ஸ்ட்ரைடம் என்கிற எங்கள் சூப்பர்வைசர், நான் சேர்ந்த அன்றே சொன்னார்: “உன்னைத் தேடி ஒருத்தர் வந்தா, திருடனுக்கு வழி கேட்டு வந்தவர்னுதான் இவங்க நினைப்பாங்க. உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இங்க தலை காட்டக் கூடாது.” தெருக்காரர்களுக்கும் எங்களைத் தெரியக் கூடாதாம். நாலு பேர் பெயர் சொல்லி நலம் விசாரிக்க ஆரம்பித்தால் வேறு தெருவுக்கு மாற்றிவிடுவார்கள். முகம் பழகினால் காவல் கெட்டுவிடும் என்பது கம்பெனியின் சட்டம்.

நீ மூலையில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். கையை மேலே தூக்கப் போனேன், சத்தியமாக. அப்போதுதான் அந்தக் கார் வந்தது. அதில் இருந்தவள் மிசஸ் காலவே, இந்தத் தெருக் கமிட்டியின் தலைவி. சைமனைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பயந்துவிட்டேன். வேறொன்றும் இல்லை, பயம்தான்.

பொட்டலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கேட்பாரில்லாமல் கிடக்கிற பையை நாங்கள் தொடக்கூடாது. அவள் காரிலிருந்தே ஆபத்துக்குக் கம்பெனியைக் கூப்பிடுகிற பட்டனை அமுக்கிவிட்டாள். கம்பெனி ஜீப் வந்தது. குண்டு துளைக்காத சட்டை போட்ட இரண்டு பேர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உன் பொட்டலத்தைச் சுற்றி வந்தார்கள். தடியால் குத்தித் துணியைப் பிரித்தார்கள். ஒருவன் கோழித்தொடையை எடுத்து முகர்ந்து, “நாட்டுக்கோழிடா!” என்றான். சிரித்தார்கள். ஆவியில் வேகவைத்த ரொட்டி உருண்டு ஓடியது. கடைசியில் அடியிலிருந்து ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி விழுந்தது. பெரிய ஆரஞ்சுப் பழம் ஒன்றுதான் நுழையும் தொப்பி.

அதைத் தடியின் நுனியில் மாட்டிச் சுற்றினான். “சைமன், உன் தலைக்குச் சரியா இருக்கும் போலிருக்கே” என்றான். நானும் அவர்களோடு சிரித்தேன். அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

அவர்கள் போனபிறகு குப்பைத்தொட்டியிலிருந்து தொப்பியை எடுத்தேன். துவைத்துக் காயவைத்திருக்கிறேன். ரொட்டியைத் தட்டித் துடைத்துத் தின்றேன், மண் நறநறவென்றது.

மாகம்பு, அக்டோபரில் அப்பாவின் அடக்கத்துக்கு வந்திருந்தேனே. இத்தனை வருஷமாக நமக்கு வாய்க்காதது, அது நிஜமா? நீ சொல்லாமல் நானாக நினைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

லுவுயோ

*

ம்தன்ட்சானே
2 ஏப்ரல் 1998

லுவுயோ,

நிஜம்தான்.

அந்தத் தொப்பியை உங்கள் கையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கவேண்டும் என்று எத்தனை நாள் கனவு கண்டிருப்பேன். துப்பாக்கிக்காரன் தடியில் மாட்டிச் சுற்றினானாம், இவரும் சிரித்தாராம். நன்றாக இருக்கிறது போங்கள்.

பயந்தேன் என்கிறீர்கள். பயப்படுகிறவரை யாராவது காவலுக்கு வைப்பார்களா? கம்பெனிக்கு இது தெரியுமா?

கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதாக நினைத்து இனிக்க இனிக்க எழுதி அனுப்ப வேண்டாம். ஆனால் வேறு பெண் இல்லை என்பதை நம்புகிறேன். அவ்வளவு சாமர்த்தியம் உங்களுக்குப் போதாது.

ஜூலை நடுவில் என்று நர்ஸ் சொல்கிறாள். அப்போது வந்துவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. இந்தக் குழந்தையை, இது என்னுடையது என்று நாலு பேர் முன்னால் நீங்கள் சொல்லவேண்டும். என்னைத்தான் தெரியாது என்று சொல்லிவிட்டீர்கள், குழந்தையையும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

தோபேக்கா

*

அலெக்சாண்ட்ரா
26 ஏப்ரல் 1998

மாகம்பு,

உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நிற்கிறேன். கார் வராதபோது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ‘நிஜம்தான்’ என்ற ஒரு வார்த்தைக்கு நீ ஒரு வரி முழுவதும் ஒதுக்கியிருக்கிறாய்.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? கூடத் தங்கியிருப்பவருக்கு வேறு நேரத்து வேலை, நான் வரும்போது அவர் போய்விடுவார், அவர் படுத்து எழுந்த கட்டில் மட்டும் சூடாக இருக்கும். தெருவில் காலையில் கார்கள் வெளியே போகும், சாயங்காலம் உள்ளே வரும். கண்ணாடியை இறக்கமாட்டார்கள். விரலை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து லேசாகத் தூக்குவார்கள், அதுதான் வணக்கம். வேலைக்காரப் பெண்கள் நம் பாஷைக்காரிகள்தான், ஆனால் என்னைக் கண்டால் மறுபக்கம் போய்விடுவார்கள், என்னோடு பேசினால் அவர்கள் வேலைக்கும் ஆபத்து. சில நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை என் குரலையே நான் கேட்பதில்லை. கடைசியில் நான்காவது வீட்டு நாயிடம் சொன்னேன், “நான் அப்பா ஆகப்போறேன்டா” என்று. அது குரைத்தது. எஜமானி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். அதோடு சரி.

ஜூலை லீவு கேட்டேன். ஸ்ட்ரைடம், “பிரசவம் உனக்கா, உன் பெண்டாட்டிக்கா?” என்றார். கம்பெனி தாறுமாறாக வளர்கிறது. மாதம் ஒரு புதுத் தெரு கம்பம் போட்டுக்கொண்டு ஆள் கேட்கிறதாம். சுற்றி மாற்றக்கூட ஆள் இல்லாததால்தான் என்னை இன்னும் இங்கேயே விட்டு வைத்திருக்கிறார்கள். “ஒருநாள் வரலைன்னாலும் உன் ஜாக்கெட்டுக்கு வாசல்ல வரிசை நிக்குது” என்றார். நிற்கிறது, நானே பார்த்தேன். எல்லாரும் நம் பக்கத்துப் பையன்கள்.

மறுபடியும் கேட்கிறேன். கட்டாயம் கேட்கிறேன்.

பெண்ணாக இருந்தால் உனாத்தி என்று வைப்போமா? ‘நம்மோடு இருக்கிறார்’ என்று அர்த்தம் வருகிற பெயரை நான் சொன்னால் நீ சிரிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

லுவுயோ

*

ம்தன்ட்சானே
28 மே 1998

லுவுயோ,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தை நன்றாக இருக்கிறது. நர்ஸ் காதை வைத்துக் கேட்டுவிட்டாள். இனிப் பதறாமல் படியுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். பின்கதவு உடைகிற சத்தம். எழுந்து வந்தால் சமையலறையில் ஒருவன். என்னைப் பார்த்தும் அசையவில்லை. “நீ பாட்டுக்கு உட்காரு அக்கா” என்றான், என் வீட்டில், என்னிடம்! வாசலுக்கு ஓடினேன். தள்ளிவிட்டான். முழங்கால் மடங்கி விழுந்தேன், வயிறு தரையில் படவில்லை.

கழுத்தில் விசில் இருந்தது. ஊதினேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, நம் தெருவில் விசில் கேட்டால் என்ன நடக்கும் என்று? சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வருவீர்கள் எல்லாரும். நொக்காயா வீட்டில் ஆள் புகுந்தபோது நீங்கள் சவரம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள், பாதி முகத்தில் சோப்போடு தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அந்தத் திருடன் தடியைவிட அந்த முகத்தைப் பார்த்துத்தான் பயந்தான் என்று நாங்கள் மாதக்கணக்கில் சிரித்தோம்.

இப்போது யார் வந்தார்கள் தெரியுமா? நொக்காயா கரண்டியோடு வந்தாள். அவள் மாமியார் வந்தாள். கால் நொண்டும் பாதிரியார், எல்லாம் முடிந்தபிறகு, ஜெபம் சொல்ல வந்தார். அவ்வளவுதான். ஆண்கள் எங்கே? என் தம்பி வெலிலே, ஒரு சாமான் கடையில் செக்யூரிட்டி. எதிர்வீட்டுக்காரர் மோன்ட்டி டவுனில் பேங்க் வாசலில். பாதிரியார் மகன் துறைமுகத்தில். மீதிப்பேர் உங்களோடு ஜோஹன்னஸ்பர்கில். தெருவில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் பச்சைச் சட்டையும் நீலச் சட்டையும் மாட்டிக்கொண்டு யார் வீட்டுக்கோ காவல் போய்விட்டார்கள். அவன் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான். அவசரமே படவில்லை அவன். ரேடியோ, போர்வைகள், உங்கள் கல்யாணக் கோட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, தோளில் போட்டுக்கொண்டு, நடந்து போனான். நடந்து!

நான் ஊதிக்கொண்டே இருந்தேன். நொக்காயா வந்து, “போதும்டி, அவன் போயிட்டான்” என்று விசிலைப் பிடுங்கும்வரை ஊதினேன். ஒவ்வொரு தடவை ஊதும்போதும் நீங்கள் வருவீர்கள் என்றே தோன்றியது. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கேட்கிற விசிலா அது? தெரியும். ஆனாலும் தோன்றியது.

நீங்கள் காக்கிற தெருவில் பட்டனை அமுக்கினால் கோழித்தொடைக்கே ஜீப் வருகிறது. பதில் எழுதுங்கள்.

தோபேக்கா

*

அலெக்சாண்ட்ரா
21 ஜூன் 1998

மாகம்பு,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ‘வருத்தப்படாதே’ என்று ஆரம்பித்தேன், எனக்கே கேவலமாக இருந்தது. ‘கதவுக்குக் கம்பி போடு’ என்று எழுதினேன். அதை என் பெண்டாட்டிக்கு எழுத நான் யார், கதவு விற்கிறவனா? அதையும் அடித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று கம்பத்தடியில் நின்றுகொண்டு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒன்றாம் வீட்டுக்குப் பூங்கொத்து வந்தது. வண்டி நம்பரை எழுதிக்கொண்டு கம்பத்தைத் தூக்கினேன். வேறு எதுவும் நடக்கவில்லை. நீ ஊதிக்கொண்டிருந்தபோது நான் பூவுக்கு வழி விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

லீவு மறுபடியும் கேட்டேன். இல்லை. ஜூலையில் வரமுடியாது, மாகம்பு. சொல்லாமல் கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். குழந்தை பிறக்கிற நேரத்தில் கையில் வேலையில்லாமல் வந்து நிற்பதா என்றும் நினைத்தேன். இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து, கடைசியில் இருந்த இடத்திலேயே நிற்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

மஞ்சள் தொப்பியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அனுப்பவா? குளிர்காலமாயிற்றே, வேண்டியிருக்கும். அனுப்ப மனம் வரவில்லை. நீ சொன்னால் அனுப்புகிறேன்.

லுவுயோ

*

ம்தன்ட்சானே
3 ஆகஸ்ட் 1998

லுவுயோ,

பெண். உனாத்தி. நீங்கள் சொன்ன பெயரையே வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அப்பா எங்கே என்று கேட்டார்கள். “வாசலில் நிற்கிறார்” என்றேன். பொய் இல்லையே.

காது உங்கள் காது. கோபம் என் கோபம். பால் கொஞ்சம் தாமதமானாலும் தெருவுக்கே கேட்கும்.

ஊரில் எல்லாரும் ஒரு மாதிரி பேசுகிறார்கள். அப்பன் வந்து கையில் வாங்கிக் குலப்பெயரைச் சொல்லாத குழந்தை என்று நொக்காயாவின் மாமியார் என் காதுபடவே சொன்னாள். உங்களுக்கு வர வழியில்லை என்றால் எனக்கு வழி இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அந்தக் கம்பத்துக்கு வருவேன். பின்னால் வெள்ளைக் கார் வரலாம், கறுப்புக் கார் வரலாம், ஜீப்பே வரலாம்.

நீங்கள் மறுபடியும் யாரைப் பார்க்கணும் என்று கேட்டால், யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்புறம் இந்த முகவரிக்கு எழுதவேண்டாம். மிரட்டவில்லை. யோசித்துக்கொள்ள நாள் தருகிறேன்.

தொப்பியை அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கட்டும், வந்து போட்டுக்கொள்கிறோம்.

தோபேக்கா

*

ம்தன்ட்சானே
2 செப்டம்பர் 1998

டோலோ,

பாருங்கள், தானாகவே எழுத வந்துவிட்டது.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் மகள் பஸ் முழுவதும் அழுதாள், டிரைவர்கூட ரேடியோவை நிறுத்திவிட்டார். தொப்பி இப்போதே இறுக்கம். கழற்றினால் கத்துகிறாள்.

அவ்வளவு சத்தம் போட்டிருக்கவேண்டுமா? ஒரு கையால் கம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இது என் பெண்டாட்டி, மாகம்பு! இது என் பொண்ணு!” என்று கத்தினீர்களே, தெருவிலிருந்த நாயெல்லாம் குரைத்தது. நான் அழக்கூடாது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள். குழந்தையை இடது கையில் வாங்கி, “டோலோ! ட்லங்கமண்ட்லா!” என்று உங்கள் குலத்து முன்னோர் பெயரையெல்லாம் மறுபடியும் வந்து நின்ற அந்த வெள்ளைக் காருக்கு முன்னாலேயே சொன்னபோது என்னால் முடியவில்லை.

அந்த மிசஸ் காலவே கண்ணாடியை இறக்கி, “அழகா இருக்கா, சைமன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவ்வளவுதான்! பட்டனும் இல்லை, ஜீப்பும் இல்லை. மார்ச்சிலும் இவ்வளவுதான் நடந்திருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றியதா? எனக்குத் தோன்றியது. அங்கே சொல்லவேண்டாம் என்று அடக்கிக்கொண்டு வந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் ஓரக்கல்லில் நாங்கள். காருக்கும் காருக்கும் நடுவில் பேசினோம். நீங்கள் பாதி வாக்கியத்தில் எழுந்து போவீர்கள், வந்து மீதியைச் சொல்வீர்கள். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு பேசி நான் உங்களைப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது உங்கள் பையில் என் விசிலைப் போட்டேன். இங்கே ஊதினால் வருவதற்கு ஆளில்லை. அங்கேயாவது யாராவது வருகிறார்களா, பாருங்கள்.

மாகம்பு

*

மித்ராண்டுக்கு அப்பால், புது முகவரி
27 செப்டம்பர் 1998

மாகம்பு,

நீ போன மறுவாரம் என்னை மாற்றிவிட்டார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. மிசஸ் காலவே கமிட்டிக் கூட்டத்தில், “நம்ம சைமனுக்கு எவ்வளவு அழகான குழந்தை தெரியுமா! பாவம், நல்ல மனுஷன்” என்று சொல்லியிருக்கிறாள். அன்பாகத்தான் சொல்லியிருக்கிறாள், எல்லாரும் சேர்ந்து குழந்தைக்கு ஒரு போர்வைகூட வாங்கித் தந்தார்கள். அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போதே ஸ்ட்ரைடம் சொன்னார்: “உன்னை இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி இங்க சரிப்படாது.” சைமன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். இங்கே வேறொன்று தந்தார்கள், அதில் ‘பெட்ரஸ்’ என்று இருக்கிறது.

இது இன்னும் ஊராகாத இடம். புல்வெளியைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பி, கரண்டுக் கம்பி இழுத்து, கேட் போட்டுவிட்டார்கள். வீடு ஒன்றுகூட இல்லை. காவல் இருக்கிறது என்று காட்டினால்தான் மனை விற்குமாம். என்ன காக்கிறேன் என்று கேட்டேன். “சுவரை” என்றார் ஸ்ட்ரைடம்.

கேட்டுப் பக்கத்துக் காவல் கூண்டுக்குள்ளேயே படுக்கை, களி கிண்ட ஒரு அடுப்பு. கேட்டுக்கு யாரும் வருவதில்லை. எத்தனை நாளாயிற்று என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் தண்ணீர் குடிக்க வாய் திறந்தபோது, வாய் ஒட்டிப்போயிருந்தது தெரிந்தது. யாரிடமும் பேசி அத்தனை காலமாகிவிட்டது. பையில் உன் விசில் கிடைத்தது. ஏன் என்று தெரியாது, ஊதினேன். நிறுத்த முடியவில்லை. நீ எப்படி ஊதியிருப்பாயோ அப்படி ஊதினேன் என்று நினைக்கிறேன்.

ஒருவன் ஓடி வந்தான், மாகம்பு.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இதேபோல இன்னொரு சுவர் இருக்கிறது, அதைக் காக்கிறவன். வேறு கம்பெனி, நீலச் சட்டை. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் வெறும் காலுறை. கையில் தடி, வாய் நிறைய ரொட்டி. மூச்சு வாங்கிக்கொண்டு, “என்ன ஆச்சு? யாருக்கு என்ன?” என்றான். ஒன்றுமில்லை என்றேன். திட்டுவான் என்று பார்த்தேன். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அப்புறம் ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தான். ஹசானி என்று பெயராம், ஊர் வடக்கே கியானிப் பக்கம். அவன் பாஷை எனக்கு அரைகுறை, என் பாஷை அவனுக்கு அதுவும் இல்லை. ஜாக்கெட்டைப் பார்த்து, “பெட்ரஸ்?” என்றான். “இல்லை, லுவுயோ” என்றேன். இந்த ஊரில் என் பெயரைக் கேட்டு, திருப்பிச் சொல்லிப் பார்த்த முதல் ஆள் அவன்.

அவன் போனபிறகுதான் உறைத்தது. காவலை விட்டுவிட்டு வந்திருக்கிறான். சூப்பர்வைசர் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும். யாரென்றே தெரியாத ஒருவன் விசிலுக்கு அவன் விட்டுவிட்டு வந்தான். மேட்டில் ஏறி அவன் சுவரைப் பார்த்தேன், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. என்னுடையதும்தான்.

இந்த மாதச் சம்பளம் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை பஸ் ஏறுகிறேன். லீவு கேட்கவில்லை, ஜாக்கெட்டையே கொடுத்துவிட்டு வருகிறேன். அப்புறம் என்ன வேலை, எப்படிப் பிழைப்பது என்று நீ கேட்பாய். தெரியவில்லை. திட்டு, ஆனால் நேரில் திட்டு. நம் தெருவில் விசில் கேட்டால் ஓடி வர ஒரு ஆளாவது இருக்கட்டும்.

இந்தக் கடிதம் முந்துகிறதோ நான் முந்துகிறேனோ. கதவைத் தட்டினால் உடனே திறந்துவிடாதே, காலம் கெட்டுக் கிடக்கிறது. உள்ளே இருந்தபடியே, “யாரைப் பார்க்கணும்?” என்று கேள். இந்தத் தடவை கேட்கவேண்டியவள் நீ. நான் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்கிறேன். அப்புறம் என் பெயரையும் சொல்கிறேன்.

லுவுயோ